சின்ன டேப்லெட்டில் பெரிய இயங்குதளம்: ஓடுமா, நன்றாக ஓடுமா?

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் கணினி வகுப்பில் பாடம் சொல்லித் தரும் பொறுப்பு எனக்கு வாய்த்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பெற்றோர்களில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், லாமிங்டன் ரோட்டில் பழைய விண்டோஸ் டேப்லெட் மலிவாகக் கிடைக்கிறது. கீபோர்டும் சேர்த்துத் தருகிறானாம். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா?” என்பதே அது.

இந்தக் கேள்வி இப்போது சங்கத்தின் செயற்குழுவிடமே வந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில் கழித்த பதினான்கு டேப்லெட்டுகள் நமக்கு நன்கொடையாக வந்துள்ளன. அவற்றில் ஆறு 1 ஜி.பி. நினைவகம் கொண்டவை, எட்டு 2 ஜி.பி. கொண்டவை. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 இருக்கிறது. வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்கு இவற்றைக் கொடுத்துவிடலாம் என்பது பலருடைய விருப்பம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. முதன்முதலாகக் கணினியைத் தொடும் பிள்ளைக்கு, அது நின்று நின்று ஓடினால், குறை கருவியில் இருக்கிறது என்று தெரியாது. “எனக்குக் கம்ப்யூட்டர் வராது” என்று அது தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். அப்படி ஒதுங்கிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கொடுப்பதற்கு முன்னால் இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

குறைந்த நினைவகம் கொண்ட டேப்லெட்டில் மேசைக் கணினிக்கான இயங்குதளம் ஓடுமா என்றால், ஓடும். நன்றாக ஓடுமா என்பதே கேள்வி. அதற்கு விடை காண, முதலில் சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்வோம்.

மேடையும் பரணும்

கடைக்காரரிடம் “மெமரி எவ்வளவு?” என்று கேட்டால், “32 ஜி.பி. சார்” என்பார். அவர் சொல்வது சேமிப்பகம். நாம் கேட்க வேண்டியது ரேம் என்னும் நினைவகம். இரண்டும் வேறு வேறு.

மும்பையின் சிறிய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மேடை இருக்கிறது. தலைக்கு மேலே பரண் இருக்கிறது. பரணில் எவ்வளவு பாத்திரம் வேண்டுமானாலும் அடுக்கலாம். ஆனால் சமைப்பது மேடையில்தான். மேடைதான் ரேம், பரண்தான் சேமிப்பகம். மேடை சிறியதாக இருந்தால், குழம்பை இறக்கி வைக்க இடமில்லாமல், அரிந்த காய்களைப் பரணில் ஏற்ற வேண்டும். காய் தேவைப்படும்போது குழம்பை ஏற்றிவிட்டுக் காயை இறக்க வேண்டும். பரண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த அலைச்சல் குறையாது.

கணினியும் இதைத்தான் செய்கிறது. ரேமில் இடம் போதாதபோது, அப்போதைக்குப் பயன்படாத பகுதிகளைச் சேமிப்பகத்தில் எழுதி வைக்கிறது. தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறது. இதற்கு மெய்நிகர் நினைவகம் என்று பெயர்.

இது புதிய உத்தி அன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபெராண்டி நிறுவனத்தின் துணையுடன் உருவாகி 1962-ல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் இது முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்கள் மட்டுமே கொண்டது. சுழலும் காந்த உருளைகளில் மேலும் 98,304 சொற்களுக்கு இடம் இருந்தது. இரண்டையும் ஒரே பெரிய நினைவகம்போல் நிரல் எழுதுபவருக்குக் காட்டியது அட்லஸ். நினைவகத்தைப் ‘பக்கங்கள்’ என்னும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, பக்கம் பக்கமாக மாற்றியது. இன்று நம் கையில் இருக்கும் டேப்லெட்டும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது. இதில் ஒரு பக்கம் என்பது 4 கிலோபைட். 1 ஜி.பி. நினைவகத்தில் 2,62,144 பக்கங்கள் உள்ளன.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது?

ரேமிலிருந்து ஒரு செய்தியை எடுக்க, ஏறக்குறைய ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. மலிவான டேப்லெட்டுகளில் இருக்கும் இ.எம்.எம்.சி. என்னும் சேமிப்பகச் சில்லிலிருந்து எடுக்க, ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடவும் கூடுதலான நேரம் ஆகிறது. அதாவது ஆயிரம் மடங்குக்குக் குறையாத வேறுபாடு. மேடையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பரணிலிருந்து எடுக்கப் பதினாறு, பதினேழு நிமிடம் ஆகும்! அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவற்றை எழுதும்போது அந்தச் சில்லு மேலும் தடுமாறும்.

எப்போதாவது ஒரு முறை பரண் ஏறினால் பெரிதாகத் தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஏற வேண்டி வந்தால்? கணினி முழு நேரமும் பக்கங்களை ஏற்றுவதிலும் இறக்குவதிலுமே செலவிடும். நம் வேலை நடக்காது. அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-ல் இந்த நிலையை ஆராய்ந்து விளக்கினார். ஒரு நிரல் குறிப்பிட்ட நேரத்தில் உண்மையில் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பக்கங்களின் தொகுதி முழுவதும் ரேமில் இருக்குமானால் நிரல் நன்றாக ஓடும். அந்தத் தொகுதிக்கே இடமில்லை என்றால் வேகம் படிப்படியாகக் குறையாமல் ஒரேயடியாகச் சரிந்துவிடும் என்பது அவர் காட்டிய உண்மை.

நம் கேள்விக்கான திறவுகோல் இதுதான். 1 ஜி.பி. டேப்லெட், 2 ஜி.பி. டேப்லெட்டைவிடப் பாதி வேகத்தில் ஓடும் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியல்ல. நம் வேலை அந்த 1 ஜி.பி.க்குள் அடங்கினால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். அடங்காவிட்டால் 1 ஜி.பி. டேப்லெட் ஏறத்தாழ நின்றே போகும். ஆகவே ‘என் வேலை எவ்வளவு இடம் கேட்கிறது?’ என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

எது இடத்தைத் தின்கிறது?

தமிழில் எழுதினால் இடம் அதிகம் பிடிக்கும் என்று ஓர் எண்ணம் நிலவுகிறது. யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவைப்படுவது உண்மை. ஆனால் 20,000 குறியீடுகள் கொண்ட நீண்ட கட்டுரைக்குக்கூட 60,000 பைட்தான் ஆகும். இது ஒரு பொருட்டே அல்ல.

படங்கள்தாம் இடத்தைப் பிடிப்பவை. 1280-க்கு 800 புள்ளிகள் கொண்ட திரையை ஒரு முறை நிரப்ப, புள்ளிக்கு 4 பைட் வீதம் 40,96,000 பைட் வேண்டும். 8 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஒரு புகைப்படம் கோப்பாக இருக்கும்போது மூன்று எம்.பி. அளவில் இருக்கலாம். அதைத் திறந்து திரையில் காட்டும்போது சுருக்கம் விரிந்து, 3264 பெருக்கல் 2448 பெருக்கல் 4 என்று, ஏறத்தாழ 32 எம்.பி. ஆகிவிடும். மேலும், இத்தகைய டேப்லெட்டுகளில் திரைக்கென்று தனி நினைவகம் கிடையாது. அதுவும் இதே ரேமிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பசிக்காரர் இணைய உலாவிதான். இன்றைய உலாவிகள், பாதுகாப்பு கருதி, ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயலாக ஓடவிடுகின்றன. 2018-ன் தொடக்கத்தில் ‘ஸ்பெக்டர்’ என்னும் செயலிக் குறைபாடு வெளியானபின், கூகுள் தன் குரோம் உலாவியில் இந்தப் பிரிவினையை மேலும் இறுக்கியது. அதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 விழுக்காடு வரை கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை அது, தவிர்க்க இயலாதது. ஆனால் 2014-ல் செய்த டேப்லெட் இந்தச் செலவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று.

கைப்பேசியில் ஓடுகிறதே?

“என்னுடைய பழைய ஆண்ட்ராய்டு போனில் 1 ஜி.பி.தான் இருந்தது. அது நன்றாகத்தானே ஓடியது?” என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2014 செப்டம்பரில் இந்தியாவில் முதன்முதலாக வெளியிடப்பட்ட ஆண்ட்ராய்டு ஒன் கைப்பேசிகளில் 1 ஜி.பி. ரேம்தான் இருந்தது. அவற்றில் பலரும் வேலை செய்தார்கள்.

வேறுபாடு இயங்குதளத்தின் கொள்கையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் நாம் ஒரு செயலியை விட்டு மற்றொன்றுக்குப் போனதும், பின்னால் இருப்பதை இடம் போதாதபோது இயங்குதளமே கேட்காமல் நிறுத்திவிடும். நாம் திரும்பி வரும்போது புதிதாகத் தொடங்கும். அதற்கேற்பவே அங்கே செயலிகளை எழுதுகிறார்கள். விண்டோஸ், லினக்ஸ் போன்ற மேசைக் கணினி இயங்குதளங்கள் அப்படிச் செய்வதில்லை. நாம் திறந்து வைத்த ஒவ்வொன்றையும், மூடும்வரை, திறந்த நிலையிலேயே காப்பாற்றித் தருவது அவற்றின் பொறுப்பு. பாதி எழுதிய கடிதத்தை நம்மைக் கேட்காமல் மூடிவிட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? அந்தப் பொறுப்பைக் காப்பாற்றத்தான் அவை பரண் ஏறுகின்றன.

கைப்பேசி இயங்குதளமும் சும்மா இருக்கவில்லை. குறைந்த நினைவகக் கைப்பேசிகளுக்கென்றே கூகுள் 2017-ல் அறிமுகம் செய்த ‘ஆண்ட்ராய்டு கோ’ பதிப்பும்கூட, 2022-ல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 2 ஜி.பி. வேண்டும் என்கிறது.

இந்த டேப்லெட்டுகள் எப்படி வந்தன?

விண்டோஸ் 95-க்கு 4 எம்.பி. போதும் என்றார்கள். 2001-ல் வந்த எக்ஸ்.பி.க்கு 64 எம்.பி. 2007-ல் வந்த விஸ்டாவின் எளிய பதிப்புக்கு 512 எம்.பி. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ன் 32-பிட் பதிப்புக்கு 1 ஜி.பி. இவ்வாறு பல மடங்காக ஏறிக்கொண்டே வந்த கணக்கு, அதன்பின் சில ஆண்டுகள் அப்படியே நின்றது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ன் 32-பிட் பதிப்புக்கும் குறைந்தபட்சத் தேவை அதே 1 ஜி.பி.தான். 64-பிட் பதிப்புக்கு 2 ஜி.பி.

அந்த இடைவெளியில்தான் இந்த மலிவு டேப்லெட்டுகள் பிறந்தன. ஆண்ட்ராய்டின் போட்டியைச் சமாளிக்க, 9 அங்குலத்துக்குக் குறைந்த திரை கொண்ட கருவிகளுக்கு விண்டோஸை இலவசமாகத் தருவதாக 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே மாதம் வந்த விண்டோஸ் 8.1-ன் புதுப்பிப்பு, 1 ஜி.பி. ரேமும் 16 ஜி.பி. சேமிப்பகமும் கொண்ட கருவிகளிலும் ஓடும்படி திருத்தப்பட்டிருந்தது. இன்டெல் தன் பங்குக்கு ‘பே டிரெயில்’ வகை ஆட்டம் சில்லுகளை மலிவாகத் தந்தது. அமெரிக்காவில் 99 டாலருக்கு வந்த எச்.பி. ஸ்ட்ரீம் 7, இந்தியாவில் 2015-ல் 14,999 ரூபாய்க்கு வந்த மைக்ரோமாக்ஸ் கான்வாஸ் லாப்டாப் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இங்கே வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய எழுத்து ஒன்று இருக்கிறது. இந்தக் கருவிகளில் பெரும்பாலும் காணப்படும் சில்லின் எண் இசட் 3735. அதன் பின்னால் ‘ஜி’ என்று இருந்தால், அந்தச் சில்லு 1 ஜி.பி.க்கு மேல் ரேமை ஏற்காது. ‘எஃப்’ என்று இருந்தால் 2 ஜி.பி. வரை ஏற்கும். மேசைக் கணினியில் செய்வதுபோல் ரேம் பலகையை வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறந்த அளவே கடைசிவரை.

நெருக்கிப் போடும் வித்தைகள்

இயங்குதளத்தை எழுதுபவர்களும் இந்தக் குறையை அறிந்தே இருந்தார்கள். அவர்கள் கையாண்ட முக்கியமான வித்தை, நினைவகத்தைச் சுருக்குவது. பயன்படாத பக்கத்தைப் பரணில் ஏற்றுவதற்குப் பதிலாக, ரேமிலேயே சுருக்கி ஒரு மூலையில் வைப்பது. பகலில் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துவதில்லையா? அதுபோல. ஆப்பிள் 2013-ல் தன் இயங்குதளத்தில் இதைக் கொண்டுவந்தது. லினக்ஸில் ‘இசட்-ரேம்’ என்ற பெயரில் 2014-ல் முறையாக இணைந்தது. விண்டோஸ் 10-லும் 2015 முதல் இது இருக்கிறது. சுருட்டவும் விரிக்கவும் செயலி உழைக்க வேண்டும். ஆட்டம் சில்லு அப்படியொன்றும் வேகமானது அன்று. ஆனாலும் இ.எம்.எம்.சி.யில் எழுதி எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சேமிப்பகத்துக்கும் நெருக்கடி உண்டு. விண்டோஸ் கோப்புகளையே சுருக்கி வைக்கும் வசதி விண்டோஸ் 10-ல் இருக்கிறது. இருந்தும், 2019-ல் வந்த பதிப்பிலிருந்து புதிய கருவிகளுக்கு 32 ஜி.பி. வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதியை மாற்றிவிட்டது. புதுப்பிப்புகளுக்கென்று ஏறத்தாழ 7 ஜி.பி.யை ஒதுக்கி வைக்கும் முறையும் அப்போதுதான் வந்தது. 16 ஜி.பி. கருவி வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்து பார்த்த சோதனை

‘நன்றாக’ என்ற சொல்லுக்கு அளவு வேண்டும். அதனால் நம் மாணவர்கள் உண்மையில் செய்யும் நான்கு வேலைகளை எடுத்துக்கொண்டேன். முதலாவது, தமிழ்99 விசைப்பலகையில் ஒரு பக்கக் கடிதம் அடித்துச் சேமிப்பது. இரண்டாவது, பைதான் மொழியில் சிறு நிரல் எழுதி ஓடவிடுவது. மூன்றாவது, இணையத்தில் ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டே குறிப்பு எழுதுவது. நான்காவது, காணொளி வகுப்பைப் பார்த்துக்கொண்டே குறிப்பு எழுதுவது.

1 ஜி.பி. டேப்லெட்டில் விண்டோஸ் 10 தொடங்கி அமைதியான பிறகு, நாம் எதையும் திறக்காத நிலையிலேயே, ரேமில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. முதல் இரண்டு வேலைகளும் நடந்தன; தொடக்கத்தில் சற்றுப் பொறுமை தேவைப்பட்டது. மூன்றாவது வேலையில் டென்னிங் சொன்ன சரிவைக் கண்ணாலேயே பார்த்தேன். உலாவியில் இரண்டாவது பக்கத்தைத் திறந்ததும், அடித்த எழுத்து திரையில் வருவதற்குள் அடுத்த சொல்லை நினைத்துவிடலாம் என்ற நிலை. நான்காவது வேலை நடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

2 ஜி.பி. டேப்லெட்டில் முதல் மூன்றும் குறை சொல்லும்படி இல்லை. உலாவியில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் திறக்காமல் இருந்தால் போதும். நான்காவதில், காணொளி மட்டும் என்றால் சரி. கூடவே மற்றொன்று என்றால் தடுமாற்றம்.

பிறகு இரண்டு வகையிலும், எளிய திரைச்சூழல் கொண்ட டெபியன் லினக்ஸை நிறுவிப் பார்த்தேன். இதில் ஒரு முடிச்சு உண்டு. இந்தச் சில்லுகள் 64-பிட் வகை. ஆனால் கருவியைத் தட்டி எழுப்பும் யு.இ.எஃப்.ஐ. என்னும் தொடக்க நிரலைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 32-பிட்டாக அமைத்துவிட்டார்கள். அதனால் பல லினக்ஸ் வெளியீடுகள் இவற்றில் தொடங்கவே மறுக்கும். இந்தக் கலவைக்கு டெபியன் 2015-லேயே வழி செய்து வைத்தது. நிறுவியபின் 1 ஜி.பி. டேப்லெட்டில் முதல் இரண்டு வேலைகளும் விண்டோஸைவிடத் தெளிவாக நடந்தன. காரணம், தொடக்கத்திலேயே மேடையில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. ஆனால் உலாவியைத் திறந்ததும் பழைய கதைதான். இயங்குதளத்தை மாற்றலாம், இணையப் பக்கங்களின் பருமனை நாம் மாற்ற முடியாது. கேமராவும் லினக்ஸில் வேலை செய்யவில்லை. இந்த வகைக் கருவிகளில் இது பலரும் அறிந்த குறை.

முன்னோர் காட்டிய வழி

குறைந்த நினைவகத்தில் வெற்றி கண்ட முயற்சிகளும் உண்டு. அவற்றிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. நம் மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில், கைராத் என்னும் சிற்றூரின் பள்ளிக்கு 2007-ல் ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ இயக்கத்தின் பச்சை வெள்ளைக் கணினிகள் வந்தன. திரையைத் திருப்பி மடித்தால் பலகையாகிவிடும் அமைப்பு. அதில் 256 எம்.பி. ரேம்தான். ஆனால் லினக்ஸின் மேல் ‘சுகர்’ என்னும் திரைச்சூழலைக் குழந்தைகளுக்கென்றே செதுக்கி அமைத்திருந்தார்கள்.

2011 அக்டோபரில் வெளியான ஆகாஷ் டேப்லெட்டிலும் 256 எம்.பி.தான் இருந்தது. அதன் மந்தமான ஓட்டத்தைப் பற்றி அப்போது நாடெங்கும் பேச்சு எழுந்தது. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-ல் நினைவகம் 512 எம்.பி. ஆயிற்று. இரண்டும் ஆண்ட்ராய்டு கருவிகள். ஆனால் நம் ஊர் பொவாய் ஐ.ஐ.டி.யில், கட்டற்ற மென்பொருளைக் கல்வியில் பரப்பும் குழுவினர், மேசைக் கணினிக்கான லினக்ஸை ஆகாஷிலும் ஓடவைத்தார்கள். கருவியில் எதையும் அழிக்காமல், எஸ்.டி. அட்டையைச் செருகித் தொடங்கும்படி அமைத்தார்கள். மாணவர்கள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அந்த ஒரு நோக்கத்துக்கு அது பொருந்தியது.

இரண்டிலும் பொதுவானது எது? ‘எல்லா வேலையும் செய்யும் கணினி’ என்று அவர்கள் தொடங்கவில்லை. ‘இந்த வேலைக்கு இது போதுமா?’ என்று தொடங்கினார்கள். கூட்டுக் குடும்பத்தின் விருந்துச் சமையலுக்குப் போதாத மேடை, ஒருவர் காப்பி போட்டுக் குடிக்கத் தாராளமாகப் போதும்.

பாதுகாப்பு என்னும் மற்றொரு கணக்கு

வேகம் மட்டும் போதாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் வேண்டும், இந்தக் கருவிகள் அதற்கு ஏற முடியாது. ஓட்டைகள் அடைக்கப்படாத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பதும், பணம் செலுத்துவதும், கடவுச்சொற்களைச் சேமிப்பதும் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம். வயதான அன்பர்கள் சிலர் இத்தகைய டேப்லெட்டில்தான் பென்ஷன் கணக்கைப் பார்க்கிறார்கள் என்று அறிகிறேன். அவர்களை நான் கேட்டுக்கொள்வது: அந்த ஒரு வேலையை மட்டும் இனி அதில் செய்யாதீர்கள்.

என் பரிந்துரை

செயற்குழுவுக்கும், வாங்க நினைக்கும் பெற்றோர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

1. நமக்கு வந்த ஆறு 1 ஜி.பி. டேப்லெட்டுகளை மாணவர்களின் வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். அவற்றில் லினக்ஸை நிறுவி, இணையம் இல்லாமல், நம் நூலகத்திலேயே வைக்கலாம். தமிழ்த் தட்டச்சுப் பழகவும், பைதான் பாடத்துக்கும், மின்நூல் படிக்கவும் அவை உதவும். தமிழ் விக்கிப்பீடியாவை ‘கிவிக்ஸ்’ என்னும் மென்பொருள் வழியாக இணையம் இன்றியே படிக்கும்படி ஏற்றி வைக்கலாம்.

2. எட்டு 2 ஜி.பி. டேப்லெட்டுகளில் லினக்ஸும் இசட்-ரேமும் அமைத்து, மாணவர்களுக்குக் கொடுக்கலாம். ‘ஒரு நேரத்தில் ஒரு வேலை, உலாவியில் இரண்டு பக்கம்’ என்ற விதியைத் தமிழில் அச்சிட்டுப் பின்புறம் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மெதுவாக ஓடினால் அது கருவியின் வரம்பு, பிள்ளையின் குறை அல்ல என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

3. காணொளி வகுப்பைக் கேட்க இவற்றை நம்ப வேண்டாம். அதற்கு வீட்டில் இருக்கும் கைப்பேசியே மேல். கைப்பேசியில் பாடம் கேட்டு, டேப்லெட்டில் குறிப்பு எழுதினால் இரண்டும் தடையின்றி நடக்கும்.

4. புதிதாகக் காசு கொடுத்து வாங்குபவர்கள் 4 ஜி.பி.க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். அந்த அளவில் இன்றைய மேசைக் கணினி இயங்குதளம் ஓரளவு நிம்மதியாக ஓடும். விலை மலிவு என்று 1 ஜி.பி. கருவியை வாங்குவது, பாதிக் காசைச் சேமிப்பது ஆகாது. முழுக் காசையும் இழப்பது.

5. பழைய விண்டோஸ் கருவியைப் பார்க்கப் போனால், கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ‘டாஸ்க் மேனேஜரை’த் திறந்து ரேம் அளவையும் சில்லின் எண்ணையும் பாருங்கள். உலாவியில் மூன்று பக்கங்களைத் திறந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறிச் செல்லுங்கள். சேமிப்பகத்தின் அளவுகோல் 100 விழுக்காட்டில் போய் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுத்தால், அந்தக் கருவி பரண் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடைக்காரர் “நெட் ஸ்லோ சார்” என்பார். நம்பாதீர்கள்; பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இத்தகைய டேப்லெட் வைத்திருப்பவர்கள், எவ்வளவு பழையதாக இருந்தாலும், தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதற்கேற்ற வேலை ஏதேனும் இருக்கும். லினக்ஸ் நிறுவுவதில் ஐயம் உள்ளவர்கள் சார்ஜரையும் ஒரு கீபோர்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்னதாக வந்தால், உடனிருந்து செய்து தரக் காத்திருக்கிறேன். முன்னதாக, உள்ளே இருக்கும் புகைப்படங்களையும் கடிதங்களையும் மறவாமல் வேறொன்றில் படி எடுத்து வைத்துவிடுங்கள்.